செவிலியின் குறிப்பேடு



'மருந்து' என்னும் அதிகாரத்தை வகுத்த திருவள்ளுவர், மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்றார். நோயுற்றவன் ஒருவன், நோய் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, இம்மூன்றோடு 'உழைச்செல்வான்' என்று நான்காமவன் ஒருவனையும் அவர் எண்ணினார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று, வேளையறிந்து, பிழையாமல் செய்ய வேண்டியவற்றைச் செய்பவன் அவன். பள்ளியில் இவ்வதிகாரத்தை நான் நடத்திய ஆண்டுகளிலெல்லாம் மாணவர்கள் முதல் மூன்றையும் தவறாமல் எழுதுவார்கள், நான்காவதை மறந்துவிடுவார்கள். தேர்வில் அதனால் அரை மதிப்பெண் குறையும். ஆஸ்பத்திரியில் நான்காமவர் இல்லாவிட்டால் குறைவது மதிப்பெண் அன்று.

அந்த நான்காமவரைப் பற்றியும், அவர் கையிலிருக்கும் ஒரு தாளைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். நாம் அவரைச் செவிலியர் என்கிறோம். வார்டில் எல்லோரும் 'சிஸ்டர்' என்று அழைக்கிறார்கள். 'செவிலி' என்ற சொல் அகப்பாடல்களில் வளர்ப்புத் தாயைக் குறிப்பது. தலைவியை வளர்ப்பவள், அவள் உண்டாளா, உறங்கினாளா, முகம் ஏன் வாடியது என்று நோக்குபவள் அவள். புதிய தொழிலுக்குப் பழைய சொல்லைத் தேடியவர் எவராயினும் நன்றாகவே தேடினார் என்பேன்.

வடசென்னைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டான்லி. முதியவர்கள் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து அப்பெயர் வந்தது. அச்சத்திரத்தை ஒட்டி 1799-இல் மருத்துவமனை எழுந்தது. 1938-இல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கிற்று. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயரை அது ஏற்றது. கஞ்சி முதலில், மருத்துவம் பிறகு என்ற இவ்வரிசையை நான் தற்செயல் என்று கருதவில்லை. பசித்தவனுக்கு முதல் மருந்து கஞ்சி என்பதை யாரோ ஒருவர் அறிந்து முடிவு செய்திருக்கிறார். முதலில் எது, அடுத்தது எது என்று முடிவு செய்யும் அந்த அறிவே இன்றைய பேச்சின் பொருள்.

மருத்துவர் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நோயாளியைப் பார்க்கிறார். எஞ்சிய நேரமெல்லாம் அவரைக் காப்பது செவிலியர். அந்நேரத்தில் எதனை, எப்பொழுது, எவர் செய்வது, செய்ததனால் பயன் விளைந்ததா என்று எப்படி அறிவது என எழுதிவைக்கும் தாளுக்குச் 'செவிலியர் பராமரிப்புத் திட்டம்' என்று பெயர். ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இது நன்றாகத் தெரிந்த சரக்காகவே தோன்றியது. நாங்களும் பாடக்குறிப்பு எழுதியவர்களே. நோக்கம், துணைக்கருவி, நடைமுறை, மதிப்பீடு என்று கட்டம் போட்டு எழுதி மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்குவோம். நல்ல ஆசிரியருக்குப் பாடக்குறிப்பு ஒரு சிந்தனை. சோம்பல் ஆசிரியருக்கு அது சென்ற ஆண்டுக் குறிப்பின் நகல். இரண்டிலும் கையெழுத்து அழகாகவே இருக்கும்! பராமரிப்புத் திட்டத்திற்கும் இதே நன்மையும் இதே நோயும் உண்டு.

இம்முறை எப்படி வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1854-இல் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார், 1859-இல் செவிலியம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஒரே கருத்தைப் பற்றியது. நீ அருகில் இருக்கும்போது நோயாளிக்கு என்ன நடக்கிறதோ, அதுவே நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போ என்பதே அதன் சாரம். இதற்கு மேல் ஒரு திட்டத்தின் பயனை எவரும் விளக்கிவிட முடியாது. பின்னர் 1960-இல் வர்ஜீனியா ஹெண்டர்சன் என்னும் அமெரிக்க அம்மையார் மனிதனின் அடிப்படைத் தேவைகளைப் பதினான்காக வகுத்தார். மூச்சு, உணவு, கழிவு, அசைவு, உறக்கம் என்று தொடங்கி, வழிபாடு, வேலை, விளையாட்டு, கற்றல் வரை அப்பட்டியல் செல்கிறது. 1967-இல் ஹெலன் யூரா, மேரி வால்ஷ் இருவரும் செவிலியர் பணியை ஆய்ந்தறிதல், திட்டமிடல், செய்தல், மதிப்பிடல் என்று நான்கு படிகளாக அமைத்தனர். 1973-க்குப் பிறகு, ஆய்ந்தறிந்ததிலிருந்து நோயாளியின் இடர் இன்னதென்று தெளிந்து சொல்லுதல் தனிப் படியாகி, படிகள் ஐந்தாயின. இன்று நம் நாட்டுச் செவிலியர் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது இவ்வைந்தே.

எடுத்துக்காட்டு இல்லாமல் இது விளங்காது. நாமே கற்பித்துக்கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தொழிலாளி; வயது ஐம்பத்தாறு. பத்தாண்டாகச் சர்க்கரை நோய். காலில் ஆணி குத்தியது அவருக்குத் தெரியவில்லை. செருப்பில் இரத்தம் கண்டு மனைவிதான் சொன்னார். புண் சீழ் பிடித்து, காய்ச்சலோடு வார்டில் சேர்ந்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தொரு நாளும் முடியும் தறுவாய். விசைப்படகுகள் கடலுக்குப் புறப்பட்டால்தான் ஐஸுக்கு வேலை. ஆகவே, 'ஜூன் பதினான்குக்குள் என்னை விட்டுவிடுவீர்களா?' என்று வந்தவரிடமெல்லாம் கேட்கிறார்.

மருத்துவர் கேஸ் ஷீட்டில், 'சர்க்கரை நோய், காலில் தொற்றுற்ற புண்' என்று எழுதுவார். அது நோயின் பெயர். செவிலியர் எழுதுவது வேறு. 'பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பதால் மீண்டும் காயம்பட்டாலும் அறியமாட்டார்' என்பது ஒன்று. 'இன்சுலின் போட்டபின் உணவு தாமதித்தால் சர்க்கரை அளவு தாழும் அபாயம்' என்பது ஒன்று. 'வேலை போய்விடும் என்ற அச்சத்தால் சிகிச்சை முடியுமுன் வெளியேறக்கூடும்' என்பது மற்றொன்று. நோய் ஒன்றே ஆயினும் அதே நோயுள்ள ஒரு பள்ளி ஆசிரியருக்கோ, வீட்டோடிருக்கும் மூதாட்டிக்கோ இந்த மூன்று வரிகளும் இவ்வாறே அமையா. திட்டம் நோய்க்கு எழுதப்படுவதன்று, நோயாளிக்கு எழுதப்படுவது என்று சொல்வதன் பொருள் இதுதான்.

நோக்கம் எழுதும் வகையிலும் ஒரு நுட்பம் உண்டு. பயிற்சிக் கல்லூரியில், 'மாணவர் பின்னத்தை அறிந்துகொள்வர்' என்று எழுதினால் எங்கள் பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். 'அறிந்தார்கள் என்பதை நீ எப்படி அறிவாய்?' என்பது அவர் கேள்வி. 'மாணவர் ஐந்து கணக்குகளைத் துணையின்றிச் செய்வர்' என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார். இங்கும் அப்படியே. 'நோயாளி நலம் பெறுவார்' என்பது வாழ்த்து, நோக்கமன்று. 'மூன்றாம் நாள் மாலைக்குள், தம் இரு பாதங்களின் அடிப்புறத்தையும் கண்ணாடி வைத்துத் தாமே பார்த்து, கண்டதைச் சொல்வார்' என்பது நோக்கம். மூன்றாம் நாள் மாலை வரும். அவர் செய்தாரா, இல்லையா என்று தெரிந்துவிடும். செய்யவில்லையெனில் குற்றம் நோயாளியுடையது என்று முடிவு கட்டாமல் திட்டத்தை மாற்ற வேண்டும். குனிய முடியவில்லையோ, கண் தெரியவில்லையோ, மனைவியைப் பார்க்கச் சொல்வது எளிதோ என்று ஆராய வேண்டும்.

இனி, எது முதலில் என்ற கேள்விக்கு வருவோம். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணி. நம் ஐஸ் தொழிலாளிக்கு உடல் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சில் சிறு தடுமாற்றம். பக்கத்துக் கட்டிலில் ஒருவர், தம் கட்டை மாற்றவில்லை என்று உரத்த குரலில் சண்டையிடுகிறார். எதிர்க் கட்டிலில் ஒருவருக்குப் படுக்கை விரிப்பு நனைந்திருக்கிறது. செவிலியர் ஒருவரே இருக்கிறார். உரத்த குரலுக்கு ஓடுவது மனித இயல்பு. பயிற்சி அதனைத் தடுக்கிறது. நோயாளி பகலில் உணவைத் தொடாமல், வீட்டிலிருந்து வரும் குழம்புக்காகக் காத்திருந்தார் என்பது குறிப்பேட்டில் இருந்தால், வியர்வையின் பொருள் உடனே விளங்கும். சர்க்கரையைச் சோதித்து, எழுபது மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால், நினைவுள்ளவராயின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும். நினைவு தவறியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது. மருத்துவரை அழைத்து நரம்பு வழியே குளுக்கோசு செலுத்த வேண்டும். சண்டைக்காரர் காத்திருக்கலாம். சண்டையிட அவருக்கு மூச்சு இருக்கிறது. அதுவே நல்ல செய்தி.

மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையைச் செவிலிய மாணவியர் முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் வகுத்த தேவைகளின் ஏணியையும் படிக்கிறார்கள். உடல் தேவை அடிப்படி, அதன்மேல் பாதுகாப்பு, அதன்மேல் அன்பு, மதிப்பு என்று அது ஏறும். எங்கள் பயிற்சிக் கல்லூரியிலும் அந்த ஏணி உண்டு. தேர்வுக்கு அது மிகவும் வசதியானது. ஆனால் வார்டு எப்பொழுதும் ஏணியாக நிற்பதில்லை. நம் தொழிலாளியின் வேலையச்சம் முதல் நாள் பட்டியலில் கடைசியாகத்தான் இருந்தது. நான்காம் நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, 'நான் போகிறேன் சிஸ்டர்' என்று எழுந்து நிற்கும் வேளையில் அதுவே முதலிடத்திற்கு வந்துவிடுகிறது. அவர் போய், ஐஸ் நீரில் புண்ணோடு நின்றால் கால் போகலாம். சில சமயம் உயிரும் போகலாம். அப்போது அவருக்கு வேண்டியது ஊசியன்று. மனைவியை அழைத்துவைத்து, எத்தனை நாள் தேவை, எவரிடம் வேலைக்குச் சொல்லிவைக்கலாம், உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது என்று பேசும் அரைமணி நேரம். முதன்மை என்பது ஒருமுறை எழுதிவிட்டால் நிலைத்து நிற்பதன்று. ஒவ்வொரு முறை மாற்றத்திலும் புதிதாகக் கேட்கப்பட வேண்டியது.

இதனைத் தனி மனிதனுக்கன்றி ஓர் ஊருக்கே கேட்க வேண்டிய இரவும் நம் பகுதிக்கு வந்ததுண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உரத்தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. உறங்கிக்கொண்டிருந்த குப்பத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா ஈரத்தைத் தேடிச் செல்லும் வாயு. கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து காரமாக மாறி அரித்துவிடும். தொண்டையின் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் பெருகலாம்.

அத்தகைய இரவில் வாயிலில் நிற்கும் செவிலியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது பேர் வருகிறார்கள். அழுகிற குழந்தை, வாந்தியெடுக்கும் இளைஞன், கண்ணைக் கசக்கிக்கொண்டு கதறும் பெண். சுவரோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். கிழவரிடம் பெயரைக் கேட்கிறாள். அவர் குரல் கம்மியிருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி. அவர்தான் முதலில் உள்ளே போக வேண்டியவர். ஏனெனில் அவருடைய மூச்சுவழி அடைபட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணெரிகிறவர்களுக்கு வரிசை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கால்மணி நேரமாவது கண்ணைக் கழுவும்படி உடனிருப்போரிடமே ஒப்படைத்துவிடலாம். நம் அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து வருவோரை வகைப்படுத்தும் வழக்கம் இப்போது ஏற்பட்டுள்ளது. பச்சை என்று சொல்லப்பட்டவர் தம்மை அலட்சியப்படுத்தினார்கள் என்று மனம் வருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். பச்சை கிடைத்தால் மகிழுங்கள். சற்று நேரம் காத்திருந்தாலும் உங்கள் உயிருக்குக் கேடில்லை என்று பொருள்.

காசநோய் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியாது. நெருக்கமான குடியிருப்புகள் உள்ள நம் பகுதி அந்நோயை நன்கறியும். 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. ஏழைக் குடும்பங்களின் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் சானடோரியத்துக்கு ஏறக்குறைய இணையானதே என்று 1959-இல் வெளியான முடிவு காட்டியது. உலகின் காசநோய்க் கொள்கையையே அது மாற்றிற்று. அவ்வெற்றியில் வீடு வீடாகச் சென்ற சுகாதாரச் செவிலியருக்கும் பங்குண்டு. மருந்தை உண்மையாகவே விழுங்கினாரா என்று பார்ப்பதும், வீட்டார் மனம் தளராமல் காப்பதும் அவர்கள் வேலை.

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியபோது, அதன் உட்கருத்தும் முதன்மை அறிவதே. எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் செய்து கொண்டிராமல், நோய் கண்ட உடனே மூன்றை மட்டும் பார். மிகக் கடுமையான மெலிவு உண்டா? மூச்சு நிமிடத்திற்கு இருபத்துநான்குக்கு மேலோ, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிசன் அளவு தொண்ணூற்று நான்கு விழுக்காட்டுக்குக் கீழோ இருக்கிறதா? துணையின்றி நிற்க முடிகிறதா? எடைக்கருவி, உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் அக்கருவி, கடிகாரம் இவை போதும். இவற்றில் ஒன்று தவறினாலும் அவரை உடனே மருத்துவமனையில் சேர். ஆய்வுக்கூடம் இல்லாத ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதனைச் செய்துவிடலாம். எளிமையாக இருப்பதனாலேயே இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு இடரையும் சொல்லவேண்டும். 1946-இல் போர் குழு அறிக்கை வெளிவந்தபோது இந்தியாவில் நாற்பத்து மூவாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலை. அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். ஆயினும் போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற இந்தியச் செவிலியர் மன்றத்தின் வரையறை, பல இடங்களில் தாளிலேயே நிற்கிறது. இரவில் பெரிய வார்டு ஒன்றில் ஓரிருவர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்நிலையில் திட்டத்தை எழுத நேரம் எங்கே? எழுத வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இருந்தால், முன் நோயாளியின் திட்டத்தையே பெயர் மாற்றி எழுதுவதே நடக்கும்.

என்னிடம் திருவொற்றியூரில் படித்த பெண் ஒருத்தி இப்போது செவிலியராக இருக்கிறாள். இதைப் பற்றிக் கேட்டேன். 'ஐயா, நான்கு பக்கம் எழுதச் சொன்னால் நகல்தான் எழுதுவோம். நான்கு வரி எழுதச் சொன்னால் யோசித்து எழுதுவோம். எனக்குப் பின் வருகிறவள் படிக்கப்போகிறாள் என்று தெரிந்தால் அந்த நான்கு வரியும் உண்மையாக இருக்கும்' என்றாள். அவள் தந்தை இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்த்தவர். இரவு ஷிப்டில் ஓர் இயந்திரம் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமிட்டால், காலையில் வருபவரிடம் அதைச் சொல்லாமல் வாயிலைத் தாண்டமாட்டாராம். நோயாளிகளை மாற்றிக் கொடுக்கும் வேளையில், கட்டிலருகே நின்று, நோயாளி கேட்க, இன்று இவருக்கு முதல் கவலை இது, அடுத்தது இது என்று சொல்லிச் செல்லும் பழக்கத்தை அவள் கொண்டிருக்கிறாள். நோயாளியே சில சமயம், 'இல்லை சிஸ்டர், எனக்கு முதல் கவலை அதுவன்று' என்று திருத்துவதுண்டாம். எத்தனை கட்டம் போட்ட தாளும் இத்திருத்தத்துக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், சிறுநீர்க் குடுவையைக் கொண்டுபோவதும் பெரும்பாலும் உடனிருக்கும் மனைவியோ மகளோதான். அவர்களைத் தவிர்த்து எழுதும் திட்டம் பாதித் திட்டமே. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் என்றும் சொல்ல வேண்டும். இடுப்பின் பின்புறமும் குதிகாலும் சிவந்தால் அது படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி என்று காட்டிவிட்டால், எழுத்தறியாத தாயும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள். மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவருக்குத் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதும் அவ்வாறே. காரணம் அறிந்தவள் நள்ளிரவிலும் தலையணையைச் சரிசெய்வாள்.

வீட்டுக்குப் போன பின்பும் திட்டம் முடிவதில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுத்த படுக்கையானவர்களுக்கு வலிதணிப்புச் சேவையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கின்றன. வருகிற பணியாளரிடம் காட்ட, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை நாள்காட்டியின் பின்னால் செருகிவையுங்கள். விடுவிக்கப்படும் நாளில் அவசரத்தோடு ஆட்டோவைத் தேடாமல், சிஸ்டரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மருந்து உணவுக்கு முன், எது பின்? புண்ணை யார், எத்தனை நாளுக்கொரு முறை கட்டுவது? எந்த அறிகுறி கண்டால் மறுநாள் புறநோயாளிப் பிரிவுக்கு வரலாம், எது கண்டால் அந்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டும்? விடையை அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள்.